சொல்லாமல் விட்ட அளவு: இழைகளும் பல்தள மென்பொருளும்

எங்கள் வீட்டு மடிக்கணினியில் ஒரு பிழையும் காட்டாத செய்நிரல் ஒன்று, கல்லூரிக் கணினி ஆய்வுகூடத்தில் மூன்று தடவை இயக்கியும் மூன்று தடவையும் சட்டென்று மூடிக்கொண்டது. தகவல் தொழினுட்பக் கண்காட்சிக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. ஆய்வுகூடக் கணினியில் அதை ஏற்றியவள் என் தோழி. வகுப்பில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் அவளிடம் கேட்டேன்:

"எங்கட வீட்டுல ஓடினதுதானே. நீ என்னத்த மாத்தின?"

"நான் ஒண்டும் மாத்தல்ல" என்றாள். நான் நம்பவில்லை. அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னதும் உண்மை, அவள் சொன்னதும் உண்மை என்று இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு உண்மைகளும் எப்படி மோதிக்கொண்டன என்பதை விளக்கவே இக்கட்டுரை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் தங்கைமாருக்கு இது பயன்படக்கூடும். கணினி பக்கமே போகாதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

வெள்ளம் பரப்பிய செய்நிரல்

மழைக்காலத்தில் தாழ்நிலங்களில் தண்ணீர் ஏறும் ஊர் எங்களுடையது. ஆகவே, தண்ணீர் இவ்வளவு உயர்ந்தால் எந்தெந்த இடங்கள் மூழ்கும் என்று காட்டும் ஒரு செய்நிரலைச் செய்தோம். கற்பனை ஊர் ஒன்றின் வரைபடத்தை 250 நிரை, 250 நிரலாகப் பிரித்தோம். மொத்தம் 62,500 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். தண்ணீர் நுழையும் கட்டத்தில் தொடங்கி, பக்கத்துக் கட்டம் தாழ்வாக இருந்தால் அதை நீலமாக்கி, அதற்குப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து, இப்படியே செல்வதுதான் வழி. சீ++ மொழியில் இதற்கு ஒரு சார்பு எழுதினேன். அது ஒவ்வொரு கட்டத்திலும் தன்னைத்தானே மீண்டும் அழைக்கும்.

வெள்ளம் பரவும்போது திரை உறைந்து நிற்கக் கூடாது, பார்ப்பவர் பொத்தானை அழுத்தினால் உடனே பதில் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் திரையைக் கவனிக்கும் வேலையை ஒரு பக்கத்திலும் வெள்ளத்தைக் கணக்கிடும் வேலையை இன்னொரு பக்கத்திலும் பிரித்து வைத்தேன். இங்குதான் இழை வருகிறது.

இழை என்றால் என்ன?

எங்கள் கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வதைப் பார்த்திருப்பீர்கள். சோறு ஒன்று, கறி ஒன்று, கைகள் ஆறு. ஒருவர் வேகமாகச் சாப்பிடுவார், ஒருவர் மெதுவாகச் சாப்பிடுவார். ஆனாலும் எல்லோரும் ஒரே சஹனில்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலைச் சஹன் என்று வைத்துக்கொண்டால், அதைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவரும் ஓர் இழை. ஆங்கிலத்தில் 'திரெட்' என்பார்கள். எல்லா இழைகளும் செய்நிரலின் நினைவகத்தைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. நடுவில் இருக்கும் ஒரே ஓர் இறைச்சித் துண்டுக்கு இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டால் என்ன ஆகும்? சஹனில் என்றால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துச் சிரித்துக்கொள்வோம். இழைகளுக்கு அந்தப் பண்பு தெரியாது. அதனால் "ஒருவர் எடுக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்" என்று செய்நிரலில் எழுதி வைக்கிறோம். அதற்குப் பூட்டு என்று பெயர்.

பொதுவில் இல்லாத ஒன்றும் இழையிடம் உண்டு. ஒவ்வொரு இழைக்கும் சொந்தமாக ஓர் அடுக்கு கொடுக்கப்படுகிறது. ஒரு சார்பு இன்னொரு சார்பை அழைக்கும்போது, "நான் இந்த இடத்தில் நிற்கிறேன், என்னிடம் இருந்த எண்கள் இவை" என்று ஒரு குறிப்பு எழுதி அடுக்கின் மேல் வைக்கப்படும். அழைத்த வேலை முடிந்ததும் மேலே உள்ள குறிப்பை எடுத்துப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். டீச்சரின் மேசையில் கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான். கடைசியாக வைத்ததுதான் முதலில் எடுபடும்.

கொப்பிகள் கூரையை முட்டினால்? அடுக்குக்கும் ஓர் உச்ச உயரம் உண்டு. அதைத் தாண்டினால் பணிசெயல் முறைமை அந்தச் செய்நிரலையே நிறுத்திவிடும். அந்த உயரம் எவ்வளவு என்று நான் எங்குமே எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

நாம் சொல்லாவிட்டால் யார் தீர்மானிப்பது?

நான் சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு தளமும் தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்கிறது. அந்த வழக்கம் தளத்துக்குத் தளம் வேறு.

பரவலாகப் புழங்கும் லினக்ஸ் கணினிகளில் ஓர் இழைக்கு வழக்கமாகக் கிடைப்பது 8 மெகாபைட் அடுக்கு. விண்டோஸில் இணைப்பி செய்நிரல் கோப்பிலேயே ஓர் அளவைக் குறித்து வைக்கிறது. நாம் வேறு சொல்லாவிட்டால் அது 1 மெகாபைட். மக் கணினியில் முதல் இழைக்கு 8 மெகாபைட் கிடைத்தாலும், பிறகு நாம் உருவாக்கும் இழைகளுக்கு 512 கிலோபைட்தான். லினக்ஸிலேயே மஸ்ல் என்ற சிறிய நூலகத்தைப் பயன்படுத்தும் வகைகளில் இது 128 கிலோபைட் வரை இறங்கிவிடும். ஒரே மூலநிரல், ஒரே எழுத்து, ஒரே இலக்கணம். ஆனால் ஓரிடத்தில் கிடைக்கும் இடம் இன்னோரிடத்தில் கிடைப்பதைப்போல் அறுபத்து நான்கு மடங்கு.

எங்கள் வீட்டில் இருப்பது நானாவின் பழைய மடிக்கணினி. மெதுவாகிவிட்டது என்று அவர் அதில் லினக்ஸ் போட்டிருந்தார். ஆய்வுகூடத்தில் இருப்பவை விண்டோஸ் கணினிகள். கதை இவ்வளவுதான். ஆனால் இதைக் கண்டுபிடித்தது நானல்ல.

மறுநாள் டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரே கணினியின் முன் இருத்தினார். "யார் செய்ததென்டு பிறகு பார்ப்போம் மகள். எப்ப விழுது, எப்ப விழல்ல என்டு முதல்ல எழுதுங்க" என்றார். என் தோழி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். "சின்ன வரைபடத்துல விழல்ல. பெரிசுலதான் விழுது" என்றாள். முதல் நாளே சொல்ல வந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

இருவரும் வரைபடத்தைச் சிறிது சிறிதாகப் பெருப்பித்துப் பார்த்தோம். 80க்கு 80 ஓடியது. 100க்கு 100 ஓடியது. 110க்கு 110 விழுந்தது. பிறகு, சார்புக்குள் இருக்கும் ஒரு மாறியின் நினைவக முகவரியை ஒவ்வோர் அழைப்பிலும் அச்சிட்டோம். அடுத்தடுத்த இரண்டு அழைப்புகளின் முகவரிகளுக்கு இடையே எப்போதும் 96 பைட் வித்தியாசம். அதாவது ஒரு கொப்பியின் தடிப்பு 96 பைட்.

இனிக் கணக்கு எளிது. மோசமான நிலையில் எத்தனை கட்டங்களோ அத்தனை அழைப்புகள் அடுக்கில் சேரும். 100க்கு 100 என்றால் 10,000 கட்டங்கள், 9,60,000 பைட். 110க்கு 110 என்றால் 12,100 கட்டங்கள், 11,61,600 பைட். ஒரு மெகாபைட் என்பது 10,48,576 பைட். அது சரியாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது! எங்கள் முழு வரைபடத்துக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 60 இலட்சம் பைட். வீட்டுக் கணினியின் 8 மெகாபைட்டுக்குள் அது அடங்கும். ஆய்வுகூடத்தின் 1 மெகாபைட்டுக்குள் எக்காலத்திலும் அடங்காது.

அவள் ஒன்றையும் மாற்றவில்லை. முந்திய நாள் அந்தக் கேள்வியைப் பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அதனால் மன்னிப்பையும் அவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவள் "சரி சரி, இத எப்பிடித் திருத்திற?" என்று திரையைக் காட்டினாள்.

அளவைச் சொல்வது எப்படி?

இழைகளை ஒரே விதமாகக் கையாள வேண்டும் என்ற முயற்சி பழையது. 1995இல் யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்காக 'பீதிரெட்ஸ்' என்ற நியமம் வெளியானது. அதே ஆண்டில் வெளிவந்த ஜாவா, மொழிக்குள்ளேயே இழைகளைக் கொண்டுவந்தது. சீ++ மொழிக்கு 2011 நியமத்தில்தான் சொந்த இழை கிடைத்தது. லினக்ஸிலும் விண்டோஸிலும் மக்கிலும் ஒரே வரியால் இழையைத் தொடங்க முடிவது இதனால்தான். ஆனால் 2011 நியமம் தந்த அந்த இழையில் அடுக்கின் அளவைச் சொல்ல இடமே இல்லை. தளங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொண்டதால், வேறுபடும் அமைப்புகள் வெளியே விடப்பட்டன.

அளவைச் சொல்ல வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். பீதிரெட்ஸில் இழையை உருவாக்கும் முன்பே ஒரு பண்புத் தொகுதியில் அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் இழையை உருவாக்கும் அழைப்பிலேயே அளவைக் கொடுக்கலாம். அல்லது இணைப்பியிடம் கூறி முழுச் செய்நிரலுக்கும் மாற்றலாம். கியூடி போன்ற பல்தள நூலகங்களில் இரண்டையும் மறைத்து ஒரே பெயரில் ஒரு சார்பு இருக்கிறது. நாங்கள் பாடத்தில் கற்கும் பைதனிலும் உண்டு. அங்கே மிகக் குறைந்த அளவு 32,768 பைட், இழை பிறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இழை ஓடத் தொடங்கியபின் சொல்லிப் பயனில்லை என்பது எல்லாத் தளங்களுக்கும் பொதுவான விதி என்றே கொள்ளலாம். ஜாவாவிலும் அளவைக் கொடுக்கலாம். ஆனால் சில தளங்களில் அது எந்த விளைவையும் தராமல் போகலாம் என்று ஜாவாவின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே சொன்னால் மட்டும் போதாது, கேட்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

நாங்கள் 16 மெகாபைட் என்று கொடுத்தோம். ஆய்வுகூடத்தில் வெள்ளம் அழகாகப் பரவியது. கைதட்டப் போனோம். டீச்சர் கேட்டார்: "நாளைக்கு ஒருவர் 1000க்கு 1000 வரைபடம் கொண்டுவந்தா?"

பத்து இலட்சம் கட்டங்கள். ஏறத்தாழ 92 மெகாபைட் அடுக்கு. கொப்பி கூடக் கூடக் கூரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது. அதோடு, ஒவ்வோர் இழைக்கும் அடுக்குக்கென முகவரி இடம் ஒதுக்கப்படும். பழைய 32 பிட் விண்டோஸில் ஒரு செய்நிரலுக்குக் கிடைப்பது வழக்கமாக 2 கிகாபைட் முகவரி இடம். இழைக்கு 1 மெகாபைட் என்றாலே ஏறத்தாழ 2,000 இழைகளுடன் இடம் முடிந்துவிடும். அளவைக் கண்டபடி கூட்டுவதும் ஒரு பிழைதான்.

ஆகவே சார்பையே மாற்றி எழுதினோம். தன்னைத்தானே அழைப்பதற்குப் பதிலாக, பார்க்க வேண்டிய கட்டங்களை நாங்களே ஒரு வரிசையில் வைத்து, முன்னால் இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டு அதன் அயல் கட்டங்களைப் பின்னால் சேர்த்தோம். ஒரு கட்டத்துக்கு நிரை எண்ணும் நிரல் எண்ணும் மட்டும், 8 பைட். 62,500 கட்டங்களும் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றால்கூட 5 இலட்சம் பைட்டுக்கு மேல் போகாது. அதுவும் இழையின் சிறிய அடுக்கிலிருந்து அல்ல, செய்நிரலின் பொது நினைவகத்திலிருந்து. இப்போது 8 மெகாபைட் தந்தாலும் சரி, 128 கிலோபைட் தந்தாலும் சரி, செய்நிரலுக்குக் கவலையில்லை.

அடுக்கோடு முடியவில்லை

இழைக்கு இன்னும் சில அமைப்புகள் உண்டு. அவற்றிலும் இதே கதைதான்.

முன்னுரிமை ஒன்று. எந்த இழை முதலில் ஓட வேண்டும் என்று சொல்வது. விண்டோஸில் 0 முதல் 31 வரை, எண் கூடினால் முன்னுரிமை கூடும். லினக்ஸில் 'நைஸ்' என்ற எண் −20 முதல் 19 வரை, எண் கூடினால் முன்னுரிமை குறையும்! ஜாவா 1 முதல் 10 வரை பொதுவான எண்களைத் தருகிறது. ஆனால் லினக்ஸில் அதன் வழக்கமான அமைப்பில் அந்த எண்கள் கவனிக்கப்படுவதே இல்லை.

இழைக்குப் பெயரும் வைக்கலாம். பிழை தேடும்போது எந்த இழை விழுந்தது என்று அறிய உதவும். நான் ஆசையோடு "வெள்ளம்" என்று தமிழில் பெயர் வைத்தேன். லினக்ஸ் ஏற்கவில்லை. அங்கே இழையின் பெயருக்கு 15 பைட்தான் இடம். யுனிகோடின் வழக்கமான குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். விசிறியும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள். "வெள்ளம்" என்பதில் ஏழு குறிகள், 21 பைட். எந்தச் சொல்தான் அடங்கும் என்று எண்ணிப் பார்த்தோம். "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து குறிகள், சரியாக 15 பைட். இறுதியில் எங்கள் வெள்ள இழையின் பெயர் "தமிழ்" ஆயிற்று. விண்டோஸில் 2016இல் வந்த ஒரு வசதியால் நீண்ட பெயரும் வைக்கலாம்.

செவ்வாயில் ஓர் அமைப்பு

இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் தவறு என்று நினைக்க வேண்டாம். 1997 ஜூலை 4ஆம் திகதி அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தொடக்கத் தொடங்கியது. காரணம் வன்பொருள் பழுதல்ல, இழைகளின் முன்னுரிமை. வானிலைத் தரவு சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமை வேலை ஒரு பூட்டைப் பிடித்திருக்கும். தரவுப் பாதையைக் கவனிக்கும் உயர்ந்த வேலை அதே பூட்டுக்காகக் காத்து நிற்கும். அந்த வேளையில் நடுத்தர முன்னுரிமை வேலை ஒன்று வந்து, தாழ்ந்ததை ஓடவிடாமல் தடுத்துவிடும். தாழ்ந்தது ஓடாததால் பூட்டு திறக்காது. பூட்டு திறக்காததால் உயர்ந்தது நகராது. குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை என்று கண்ட காவல் கடிகாரம் கணினியையே மீளத் தொடக்கிவிடும்.

பொறியியலாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதே நிலையை உருவாக்கிப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். பூட்டைப் பிடித்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் அமைப்பு ஒன்று அந்த மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தப் பூட்டுக்கு அது அணைந்திருந்தது. பூமியிலிருந்து திருத்தம் அனுப்பி அதை இயக்கினார்கள். கோளாறு நின்றது. கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஒரு கலத்தைக் காப்பாற்றியது, புதிய கருவி அல்ல, ஓர் அமைப்பை அணைவிலிருந்து இயக்கத்துக்கு மாற்றியதுதான்.

நான் எழுதி வைத்திருப்பவை

இப்போது என் கொப்பியின் முதல் பக்கத்தில் ஐந்து வரிகள் இருக்கின்றன. இழையைத் தொடங்கும் முன் அதற்கு எவ்வளவு அடுக்கு தேவை என்று கணக்கிடு. தளம் தரும் வழக்கமான அளவை உன் அளவாக எண்ணாதே. தேவையானதை எழுதி வை, அது ஏற்கப்பட்டதா என்று பார். அமைப்பைக் கூட்டுவதற்கு முன் வழியை மாற்ற முடியுமா என்று யோசி. உன்னுடையது அல்லாத ஒரு கணினியிலாவது, பெரிய தரவைக் கொடுத்துச் சோதி.

ஆறாவது வரியை என் தோழி எழுதினாள். "மற்றவருட கம்பியூட்டர்ல விழுந்தா, மற்றவர ஏசாத" என்று. அதற்குக் கீழே இருவரும் கையொப்பம் இட்டோம்.

கண்காட்சி நாளில் எங்கள் வெள்ளம் ஆய்வுகூடக் கணினியில் தடையின்றிப் பரவியது. பார்க்க வந்த ஒரு சிறுமி தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் கூட்டி ஊரையே மூழ்கடித்துவிட்டு, "இப்ப எங்கட வீடு எங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல என் தோழியை முன்னால் விட்டேன். அந்தச் செய்நிரலை என்னைவிட நன்றாக அறிந்தவள் அவள்தான்.